எட்டாத எட்டு

உங்களால் எத்தனை தண்டால் எடுக்க முடியும்?

காலேஜில் படிக்கும்போது எடுத்த கணக்கைச் சொல்லாதீர்கள். இன்றைக்கு, இப்போது, கையிலிருக்கும் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் கை ஊன்றினால் எத்தனை?

என் கணக்கு இருபத்திரண்டு. சொல்வதில் வெட்கமில்லை. 'ஷுகர் எல்லைக்கோட்டில் நிக்குது சார், கொஞ்சம் உடம்பை வளைங்க' என்று டாக்டர் சொன்ன மறுநாள் நான் எடுத்தது ஆறு. ஆறாவதில் மூக்கு தரையைத் தொட்டது, அப்படியே படுத்துவிட்டேன். அங்கிருந்து இரண்டே மாதத்தில் இருபத்திரண்டு! வீட்டில் யாரும் கேட்காமலே எண்ணிக்கையை அறிவிக்க ஆரம்பித்தேன். எனக்குள் இருக்கும் பி.காம். பட்டதாரி மனசுக்குள்ளேயே ஒரு கிராஃப் போட்டான். இதே வேகத்தில் போனால் இன்னும் நாலு மாதத்தில் ஐம்பது.

நாலு மாதம் போனது. எண்ணிக்கை இருபத்திரண்டு.

ஒருநாள் இருபத்திமூன்று வரும். அடுத்த நாள் இருபது. கோபத்தில் அதற்கடுத்த நாள் பல்லைக் கடித்து இருபத்திரண்டு. தினமும் காலையில் காபிக்கு முன்னால் இந்தச் சண்டை. கிராஃப் கோடு செத்த பாம்பு மாதிரி நேராகப் படுத்துவிட்டது.

சரி, நம் வயசு அவ்வளவுதான் என்று கணக்கை முடித்துவிட இருந்தேன். அப்போதுதான் 2024 கோடையில் சோழபுரம் போக வேண்டி வந்தது.

சோழபுரம் என்றதும் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடாதீர்கள். இது ராஜபாளையத்துச் சோழபுரம். மேற்கே பார்த்தால் மலை. ராஜபாளையத்தில் இறங்கினால் நூல் மில்லும் மாம்பழமும். அதற்கு முன்னாலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றால் ஜன்னலுக்கு பால்கோவா வந்துவிடும். (ஷுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறவன் கால் கிலோ வாங்கினான் என்பதை எங்கள் வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.) என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். அக்கா வீட்டுத் தொழுவத்தில் இப்போது மாடு இல்லை. சுவருக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே ஓர் இரும்புக் குழாய் கட்டியிருந்தது. அதில் அக்கா மகன் தொங்கிக்கொண்டிருந்தான்.

"...அஞ்சு... ஆறு... ஏழு..."

எட்டாவதற்கு உடம்பைச் சுருட்டினான். கால் இரண்டும் தண்ணீரில் உதைக்கிற மாதிரி உதைத்தது. தாடை கம்பிக்கு நாலு விரற்கடை கீழே வந்து நின்றது. அங்கேயே நடுங்கியது. பொத்தென்று குதித்தான்.

"ரெண்டு மாசமா இதே கதைதான் மாமா. ஏழுக்கு மேல ஒண்ணுகூட ஏற மாட்டேங்குது."

எட்டு எட்டவில்லை!

எனக்கு என் இருபத்திரண்டு ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். என்னுடையது வெறும் வீம்பு. அவனுடையது வேலை.

ராணுவத்தில் அக்னிவீர் ஆள் எடுப்பு எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023-லிருந்து முதலில் கம்ப்யூட்டர் பரீட்சை. அதில் தேறினவர்களைத்தான் மைதானத்துக்குக் கூப்பிடுவார்கள். அங்கே 1.6 கிலோமீட்டர் ஓட்டம். அந்த வருஷம் இருந்த கணக்குப்படி 5 நிமிடம் 30 விநாடிக்குள் வந்தால் 60 மதிப்பெண். அப்புறம் புல்-அப்ஸ். பையன்கள் 'பீம்' என்பார்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்வரை இழுக்க வேண்டும். பத்து எடுத்தால் 40 மதிப்பெண். ஒன்பது என்றால் 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16. ஆறுக்குக் கீழே என்றால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான்.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் பரீட்சையில் தேறிவிட்டான். ஓட்டம் பிரச்னை இல்லை. கண்மாய்க் கரையில் ஓடி ஓடி, ஐந்தரை நிமிடத்துக்குள் வந்துகொண்டிருந்தான். ஏழுக்கும் பத்துக்கும் நடுவே இருக்கும் மூன்றே மூன்று இழுப்பில் 19 மதிப்பெண் தொங்கிக்கொண்டிருந்தது. அதோடு இன்னொன்று. அவனுக்கு அடுத்த தடவை கிடையாது. அப்போது வயது உச்சவரம்பு 21. இவனுக்கு இருபதரை தாண்டிவிட்டது. மைதானத்துக்குச் சுமார் பத்து வாரம் இருந்தது.

அதுவரைக்கும் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? ஒரு நூல் மில்லில் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து, தூங்குவதற்கு முன்னால், கம்பியில் ஏறுவான். முடிகிற மட்டும் இழுப்பான். ஏழு. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முடிகிற மட்டும். ஐந்து. அப்புறம் நாலு. கடைசியில் மூன்று, அதுவும் காலை உதைத்து. தினமும் இதே. ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாது. 'தினமும் கைவிடுகிறவரைக்கும் எடுத்தால்தான் ஏறும்' என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். ஏறவில்லை என்றதும் யாரோ ஒரு பவுடர் டப்பாவைக் கைகாட்ட, மூவாயிரம் ரூபாய் கொடுத்து அதையும் வாங்கியிருந்தான். அக்கா அந்த டப்பாவை என்னிடம் காட்டி, "இதுல அப்படி என்னதான்டா இருக்கு?" என்றாள். பார்த்தேன். முக்கால்வாசி, பாலிலும் முட்டையிலும் இருக்கிற அதே புரதம்தான். காலி டப்பாவில் அக்கா துவரம்பருப்பு போட்டு வைக்கலாம் என்று யோசனை சொன்னேன்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வந்தார். சொந்தப் பெரியப்பா இல்லை. தெருவில் எல்லோருக்கும் பெரியப்பா. மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டியும் முதுகு வளையவில்லை. மாப்பிள்ளை கம்பியில் ஏறுவதைத் திண்ணையிலிருந்து பார்த்தார். ஏழு முடிந்து அவன் பொத்தென்று விழுந்ததும், என்னிடம் திரும்பி ஒன்று கேட்டார்.

"தினமும் பரீட்சை எழுதிட்டே இருக்கானே... எப்பப்பா படிப்பான்?"

சுரீரென்றது. அவனுக்கு வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது. தினமும் காபிக்கு முன்னால் நான் எழுதிக்கொண்டிருந்ததும் பரீட்சைதானே!

பெரியப்பா இளவட்டக்கல் கதையைச் சொன்னார். தென் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கோயில் பக்கமோ ஊர் மந்தையிலோ உருண்டையாக ஒரு கல் கிடக்கும். வழவழவென்று இருப்பதால் பிடிமானம் கிடைக்காது. குத்தவைத்து, இரண்டு கையாலும் அணைத்து, முழங்காலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நெஞ்சு, நெஞ்சிலிருந்து தோள், தோளிலிருந்து பின்பக்கமாகப் போட வேண்டும். இதைத் தூக்கினவனுக்குத்தான் பெண் கொடுத்தார்கள் என்று சொல்லிச் சொல்லி, 'கல்யாணக் கல்' என்றே பேர். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்கு இளவட்டக்கல் போட்டி நடக்கிறது. அங்கே பெண்களும் தூக்குகிறார்கள்.

பெரியப்பா சொன்னது வேறு விஷயம். "கல்லு எடை ஏறாது, குறையாது. நேத்திக்கு என்னவோ அதேதான் இன்னிக்கும். அப்ப எப்படிப்பா தூக்கப் பழகுறது? நாங்கல்லாம் தினமும் தோளுக்குத் தூக்கிப் பார்க்க மாட்டோம். தோட்டத்துக்குப் போறப்ப ஒரு தடவை முழங்கால் வரைக்கும் தூக்கிட்டுக் கீழ போட்டுட்டுப் போயிருவோம். வர்றப்ப ஒரு தடவை. மூச்சு வாங்காது, சட்டை நனையாது. பத்து பதினஞ்சு நாள் கழிச்சு, அது பாட்டுக்கு இடுப்புக்கு வரும். திருவிழா அன்னிக்குத்தான் தோளு."

யோசித்துப் பாருங்கள். ஜிம்மில் இரும்பு தூக்குகிறவனுக்கு வசதி உண்டு. இன்றைக்கு இருபது கிலோ, அடுத்த வாரம் இருபத்தொன்று. நம் உடம்பையே தூக்குகிறவனுக்கு அந்த வசதி இல்லை. உடம்புதான் கல். அதன் எடை மாறாது. (மாறினாலும், என் விஷயத்தில், மேல்நோக்கித்தான் மாறும்.) அதனால் நமக்குத் தெரிந்த ஒரே வழி எண்ணிக்கையைக் கூட்டுவது. அதுவும் நின்றுபோனால் முழிக்கிறோம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தொழில் புத்தி. இதைப் பற்றி என்னவெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று தேடி உட்கார்ந்தேன்.

முதலில் என் கிராஃப் விவகாரம். ஆறிலிருந்து இருபத்திரண்டுக்கு அவ்வளவு வேகமாக எப்படி வந்தேன்? இரண்டு மாதத்தில் என் தோளும் மார்பும் ஒன்றும் உருண்டு திரண்டுவிடவில்லையே. 1979-ல் மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிரித்துக் காட்டினார்கள். பயிற்சி ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு, தசை பெருப்பதால் வருவதில்லை. நரம்பு பழகுவதால் வருகிறது. தசை பெருப்பது அதற்கு அப்புறம்தான் மெதுவாகக் கைகொடுக்கிறது.

ராஜபாளையத்துப் பாஷையில் சொல்கிறேன். ஒரு மில்லில் ஆயிரம் ஸ்பிண்டில் இருக்கிறது. ஓடுவது ஐந்நூறு. புதிதாக வந்த மேனேஜர் சும்மா நிற்பதையெல்லாம் ஓடவிடுகிறார். உற்பத்தி மடமடவென்று ஏறுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு? இனிமேல் உற்பத்தி கூட வேண்டுமென்றால் புது மெஷின் வாங்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், இடம் வேண்டும், மாட்டுவதற்கு நாள் வேண்டும். நாமோ அந்த மேனேஜரைப் பிடித்து, 'போன மாசம் ஏறிச்சே, இந்த மாசம் ஏன் ஏறலை?' என்று தினமும் காலையில் மிரட்டுகிறோம். ஓடுகிற மெஷினையும் சூடேற்றிக் கெடுக்கிறோம்.

இரண்டாவது, பலம் என்பது ஒரு பழக்கம் என்கிற விஷயம். பாவெல் சட்சூலின் என்று ஒருவர். பழைய சோவியத் நாட்டில் மின்ஸ்க்கில் பிறந்து அமெரிக்கா போய் உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தவர். அவர் சொல்கிற ஒரு கதை எனக்குப் பிடித்திருந்தது. காரணம், அதில் ஒரு மாமனார் வருகிறார். மாமனார் அமெரிக்கக் கடற்படைப் பிரிவில் இருந்த பழைய மரைன் சிப்பாய். 'வீட்டின் கீழ்த்தளத்துக்கு நீங்கள் போகும்போதெல்லாம் சுலபமாக ஐந்து புல்-அப்ஸ் எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்' என்று மருமகன் சொல்லியிருக்கிறார். மாமனாரும் வியர்க்காமல் எடுத்துக்கொண்டே இருந்தார். மாதத்துக்கு ஒருதரம், சில நாள் ஓய்வெடுத்துவிட்டுச் சோதித்துப் பார்ப்பாராம். கடைசியில் ஒரே மூச்சில் இருபது வந்தது. பட்டாளத்தில் இருந்த காலத்தில்கூட அவர் அவ்வளவு எடுத்ததில்லையாம்! மாமனாரை வைத்துப் பரிசோதனை செய்கிற தைரியம் நம்மூர் மாப்பிள்ளைகளுக்கு வருமா என்பது வேறு கேள்வி.

நம் பெரியப்பா தோட்டத்துக்குப் போகும்போதும் வரும்போதும் கல்லை முழங்கால்வரை தூக்கியது இதேதானே? மின்ஸ்க்காரர் பிறப்பதற்கு முன்பே இங்கே ஒருவர் சட்டை நனையாமல் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

மூன்றாவது, டிலார்ம் என்கிற டாக்டர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ மருத்துவமனையில், காயம்பட்டுக் கால் வலுவிழந்த சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அதுவரை என்ன வழக்கம்? லேசான எடையை நிறைய தடவை தூக்க வைப்பது. தாமஸ் டிலார்ம் அதைத் திருப்பிப் போட்டார். கனமான எடை, குறைவான தடவை, தேறத் தேற எடையைக் கூட்டு. சிப்பாய்கள் வேகமாகத் தேறினார்கள். 1945-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்க ஜிம்களில் செய்வதற்கெல்லாம் அதுதான் அஸ்திவாரம். எண்ணிக்கை கூடினால் தாங்குசக்தி கூடும். பலம் கூட வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கடினமாக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கில் தண்டால் எடுத்த பயில்வான்கள் நம் நாட்டில் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். 1910-ல் லண்டன் போய் ஸ்பிஸ்கோவைத் திணறடித்த காமா பயில்வானின் தண்டாலையும் பஸ்கியையும் ஆயிரக்கணக்கில்தான் சொல்வார்கள். ஆனால் காமா தண்டால் மட்டும் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. மிச்ச நேரத்தில் தன்னைவிட எடை கூடினவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு 'எடையைக் கூட்டுவது' என்பது எதிரே நின்ற ஆள்தான்.

மறுநாள் காலை மாப்பிள்ளை மில்லிலிருந்து வந்ததும் உட்கார வைத்துப் பேசினேன். முதல் உத்தரவைக் கேட்டதுமே அவன் முகம் சுருங்கியது.

"ஒரு வாரம் கம்பியைத் தொடாதே."

"மாமா, இருக்கறதே பத்து வாரம்! வெளையாடுறீங்களா?"

பெரியப்பா இல்லாவிட்டால் அவன் கேட்டிருக்க மாட்டான். "படுத்துத் தூங்குடா" என்று ஒரே அதட்டு. அவ்வளவுதான். அந்த வாரமே மில்லில் போய்க் கெஞ்சி, பகல் ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டான். சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தது. இரவு எட்டு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. இந்தக் கதையில் யாராவது ஹீரோ என்றால் அந்தத் தூக்கத்தைத்தான் சொல்வேன். இரவு முழுக்க மெஷினுக்கு முன்னால் நின்றுவிட்டு, காலையில் கம்பியில் தொங்கி, பகலில் ஈ மொய்க்க அரைத் தூக்கம் தூங்குகிறவன் உடம்பில் புது மெஷின் எப்போது மாட்டுவது?

இரண்டாவது வாரத்திலிருந்து மூன்று. ஏழு எடுக்க முடிகிறவன், ஒரு நேரத்துக்கு மூன்றுதான் எடுக்க வேண்டும். நாலாவது கூடவே கூடாது, எவ்வளவு ஆசை வந்தாலும். காலையில் எழுந்ததும் மூன்று. குளிப்பதற்கு முன்னால் மூன்று. மில்லுக்குக் கிளம்பும்போது மூன்று. வந்ததும், டீ குடித்ததும், கடைக்குப் போகும்போது, படுப்பதற்கு முன்னால்... இப்படி ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை. முன்னால் அவன் உயிரைக் கொடுத்து எடுத்தது ஏழும் ஐந்தும் நாலும் மூன்றும், பத்தொன்பது. இப்போது விளையாட்டாக இருபத்திநாலு. அதுவும் ஒவ்வொன்றும் காலை உதைக்காமல், சுத்தமான இழுப்பு. மட்டமான இழுப்பை நூறு தடவை பழகினால் மட்டமாக இழுக்கத்தான் வரும் என்பார் பெரியப்பா.

கூடவே வாரத்தில் இரண்டு நாள் இன்னொன்று. ஸ்டூலைப் போட்டு ஏறி, தாடையைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டு, ஸ்டூலைத் தள்ளிவிட்டு, ஏழெட்டு விநாடி எடுத்து மெதுவாக இறங்குவது. நாலே நாலு தடவை. ஏறும்போது தூக்க முடியாத பளுவைக்கூட இறங்கும்போது நம் தசை தாங்கும். மாடியில் பீரோவை ஏற்றினவர்களுக்கும் இறக்கினவர்களுக்கும் இது தெரியும். அவன் மாட்டிக்கொண்ட இடம் அந்தக் கடைசி நாலு விரற்கடை. அந்த இடத்தை உடம்புக்கு அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. அன்று மட்டும் முடிகிற மட்டும் எடுக்கலாம் என்று பேச்சு. போன் வந்தது.

"ஏழு மாமா."

"எட்டு?"

"வரலை."

குரல் செத்துப்போயிருந்தது. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஒரு பையனுடைய கடைசி வாய்ப்பில் நான் பாட்டுக்கு அரைகுறை ஞானத்தோடு புகுந்து விளையாடுகிறேனோ? பத்து வாரத்தில் நாலைத் தின்றாயிற்று. அக்கா போனை வாங்கி, "தம்பி, பேசாம அவனைப் பழைய மாதிரியே எடுக்கச் சொல்லட்டுமா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பின்னால் பெரியப்பா குரல் கேட்டது. "எட்டாவது எங்க வந்து நின்னுச்சுன்னு கேளு."

கேட்டேன். நெற்றி கம்பியைத் தாண்டியது, மூக்குவரை வந்தது, அப்புறம் இறங்கிவிட்டது என்றான். முன்னால் நாலு விரற்கடை. இப்போது ஒன்றரை. எண்ணிக்கையில் அது தெரியாது. ஏழு என்றால் ஏழுதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அன்றைக்கே விட்டிருப்போம்.

ஆறாவது வாரம் ஒன்பது வந்தது. எட்டைத் தாண்டியதையே அவன் கவனிக்கவில்லையாம், ஒன்பதில்தான் தெரிந்ததாம்! அதற்கப்புறம் அக்காவின் கோபத்தையும் மீறி, பழைய ஸ்கூல் பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் மூன்று மூன்றாக இழுத்தான். டிலார்ம் டாக்டருக்கு நம்மால் செய்ய முடிந்த மரியாதை. ஒன்பதாவது வாரம் பதினொன்று.

இங்கே ஒரு சங்கடம். மைதானத்தில் கம்பிக்கு முன்னால் ஓட்டம் இருக்கிறது. ஓடி முடித்து, நெஞ்சு படபடக்கும்போது போய்த் தொங்க வேண்டும். ஓடிவிட்டு வந்து எடுத்துப் பார்த்தபோது பதினொன்று எட்டாகிவிட்டது. கடைசி வாரங்களில் இரண்டு மூன்று தடவை ஓடிவிட்டு எடுத்துப் பழகினான். முன்னாலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். அதை யோசிக்காதது என் தப்பு.

நடுவில் என் கதை. ஊரிலிருந்து வந்த உற்சாகத்தில் நானும் புல்-அப்ஸில் இறங்கினேன். 'மூணுக்கு மேல் கூடாது' என்று ஊருக்கு உபதேசம் செய்தவன், தனக்கு ஒன்றே ஒன்று வருவதைப் பார்த்துக் குஷியாகி, தினமும் முக்கி முக்கி இழுத்தேன். இரண்டே வாரத்தில் முழங்கையின் உள்பக்கம் பிடித்துக்கொண்டது. டீ டம்ளர் தூக்கினால் வலி. நாற்பதுக்கு மேலே தசையைவிடத் தசைநாண் மெதுவாகத்தான் பழகும், ஆறு வாரம் சும்மா இருங்கள் என்றார் டாக்டர். என் வயதுக்காரர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படித்துவிட்டு ஆரம்பிக்கலாம். தோள், முழங்கை, ரத்தக்கொதிப்பு எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம் போங்கள்.

கை சரியானதும் தண்டாலுக்குத் திரும்பினேன். ஒரு நேரத்துக்கு எட்டுதான். ஆபீஸுக்குக் கிளம்பும்போது, வந்ததும், சீரியல் விளம்பர இடைவேளையில். கொஞ்ச நாள் கழித்துக் காலை மாடிப்படியின் முதல் படியில் வைத்து எட்டு. கை ஊன்றும் இடம் பள்ளமாகி, கால் மேலே போனால், அதே உடம்பு கூடுதல் கனம் கனக்கும். கல்லின் எடையை ஏற்ற முடியாவிட்டால் என்ன, கல்லைப் பிடிக்கிற விதத்தை மாற்றலாம். மாதத்துக்கு ஒரே ஒருநாள்தான் முழுசாக எண்ணுகிறேன். போன தடவை முப்பத்தொன்று. ஐம்பதுக்கு கிராஃப் எதுவும் போடவில்லை.

மைதானத்துக்குப் போன அன்று காலை ஆறு மணியிலிருந்து அக்கா எனக்கு நாலு தடவை போன் செய்துவிட்டாள். அவனிடம் போன் இல்லை. பதினொரு மணிக்கு யாருடைய போனிலிருந்தோ பேசினான்.

"ஓட்டம் முதல் குரூப் மாமா. அறுபது."

"பீம்?"

"ஒம்பது."

"பத்து?"

"எடுத்தேன் மாமா. எடுத்தேன். தாடை தாண்டலைன்னு கழிச்சுட்டாங்க."

33 மதிப்பெண். ஏழு எடுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய இருபத்தொன்றைவிடப் பன்னிரண்டு கூடுதல். இதை நான் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன். அவனோ அந்தப் பத்தாவதைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினான். கம்பி வழுக்கியதாம். முந்தின பையனின் வியர்வையாம். தாடை தாண்டியதாம், பார்த்தவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாராம். இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றாள் அக்கா.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை, காத்திருப்பு, பட்டியல். பேர் வந்தது. அக்னிவீர் என்றால் நாலு வருஷம். அதற்குப் பிறகு நிரந்தரமாக எடுத்துக்கொள்வது நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் என்று திட்டத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட அவனுக்கு இப்போது நேரமில்லை. பயிற்சிக்குப் போய்விட்டான். பெரியப்பா பஸ் ஸ்டாண்ட் வரை வந்து, ஒன்றும் சொல்லாமல், அவன் தோளை மட்டும் இரண்டு தட்டு தட்டினாராம்.

போன மாதம் சோழபுரம் போயிருந்தேன். தொழுவத்தில் அந்தக் குழாய் அப்படியே இருந்தது. அதன்மேல் வரிசையாக அக்காவின் சேலைகள், துண்டு, போர்வை எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன.

"நல்ல உறுதியான கம்பி தம்பி, எவ்வளவு துணி போட்டாலும் தாங்குது" என்றாள்.

ஒரு பக்கமாக இரண்டு சேலையை ஒதுக்கினேன். இரண்டு எடுத்தேன். மூன்றாவது வரும் போலத்தான் இருந்தது. இறங்கி, சேலையைப் பழையபடி இழுத்துவிட்டு, காபி குடிக்கப் போனேன்.